எனக்கு மாயின் கிளச் தெரியும்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். வீட்டிலும் சரி, புக்கிட் தெங்காவில் நான் வேலை செய்யும் தொழிற்சாலையிலும் சரி, மார்க்கெட்டில் மீன்காரரிடமும் சரி, அதை நான் சுருட்டி வைத்ததில்லை. அந்த வாய் ஒரு தடவை என் காரின் வாரண்டியையே தின்றுவிட்டது. தவளை தன் வாயால் கெடும் என்பார்கள். கெட்டது உண்மை. ஆனால் அதே வாயால்தான் மீண்டும் வந்தேன் என்பதையும் சேர்த்துச் சொல்வதில் எனக்குக் கூச்சமே கிடையாது.

நாற்பத்தைந்தைத் தாண்டிய பிறகுதான் நான் லைசன்ஸ் எடுத்தேன். அதுவரை எங்கள் வீட்டில் ஓட்டுவது என்றால் என் கணவர்தான். அவர் லாரி டிரைவர். பட்டர்வொர்த் துறைமுகத்தில் சரக்கு ஏற்றிக்கொண்டு கோலாலம்பூர், ஜொகூர் என்று நாடு முழுக்கச் சுற்றியவர். இனிப்பு நீர் வியாதி வந்து, காலில் புண் வந்து, அது ஆறாமல் போய், கடைசியில் இடது பாதத்தில் பாதியை எடுத்துவிட்டார்கள். கிளச் மிதிக்கிற கால். ஆஸ்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்த அன்று அவர் கேட்ட முதல் கேள்வி, "இனிமே யாரு காடி ஓட்டுவா?" என்பதுதான். எங்கள் ஊரில் காரைக் காடி என்றுதான் சொல்வோம். "நான் ஓட்டுறேன்" என்றேன். அவர் சிரித்தார். வலியில் கிடந்த மனுஷன் சிரிக்கிறாரே என்று முதலில் எனக்குச் சந்தோஷமாகத்தான் இருந்தது. எதற்குச் சிரித்தார் என்பது புரிந்தபோது காது சூடாகிவிட்டது. அந்தச் சூட்டோடு போய் டிரைவிங் ஸ்கூலில் பேர் கொடுத்தேன்.

பினாங்கில் டிரைவிங் ஸ்கூல் பாடமெல்லாம் மலாய், தமிழ், இங்கிலீஷ் மூன்றையும் கலந்து பிசைந்த ஒரு பாஷையில் நடக்கும். மேட்டில் காரை நிறுத்தி, பின்னால் உருளவிடாமல் எடுப்பதற்கு அங்கே 'மாயின் கிளச்' என்று பேர். மாயின் என்றால் மலாயில் விளையாடுவது. கிளச்சைப் பாதி விட்டு, ஆக்சிலரேட்டரைக் கொஞ்சமாக மிதித்து, கார் முன்னாலும் போகாமல் பின்னாலும் போகாமல் மேட்டிலேயே நிற்கும்படி செய்ய வேண்டும். சோதனைக்கு அதுதான் பெரிய கண்டம். சோதனை நாளில் எனக்கு முன்னால் போன இளவட்டங்கள் ஒவ்வொருவராகப் பின்னால் உருண்டு வந்தார்கள். நான் ஏறினேன், நின்றேன், எடுத்தேன். அதிகாரி தலையைத் தூக்கி என்னைப் பார்த்தார். இந்த அம்மாவா என்று அவர் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது. அன்றைக்கு எனக்கு வந்த பெருமை என் கல்யாணத்தன்றுகூட வந்ததில்லை.

கார் வாங்கப் போனபோது எல்லோரும் ஆட்டோ கியர்தான் நல்லது என்றார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். அதற்குள் என் கணவர் தன் தங்கையிடம் போனில் சொல்லிக்கொண்டிருந்தது காதில் விழுந்துவிட்டது. "ஆட்டோ காடி ஓட்டுறதெல்லாம் ஒரு ஓட்டா? அது பாட்டுக்கு அது போவுது, இவ சும்மா உக்காந்து போவப் போறா." கேட்டுக்கொண்டிருந்த நான் மறுநாளே கடைக்குப் போய் மானுவல் கார் வேண்டும் என்று கையெழுத்துப் போட்டேன். விற்பவருக்கே ஆச்சரியம். இப்போது மானுவல் யார் கேட்கிறார்கள், ஆர்டர் செய்துதான் வரவழைக்க வேண்டும் என்றார். வரவழையுங்கள் என்றேன்.

பினாங்குத் தீவில், ஆயிர் ஈத்தாமிலுள்ள எங்கள் பிளாட்டிலிருந்து கிளம்பி, பாலம் ஏறி, அக்கரையில் இறங்கி புக்கிட் தெங்காவுக்குப் போக வேண்டும். ஊரே காலையில் தீவுக்குள் வரும்போது நான் தீவிலிருந்து வெளியே போவேன். அதிலேயே எனக்கு ஒரு கெத்து. எதிர்ப்பக்கம் டிராபிக் ஜேமில் நிற்கிறவர்களைப் பார்த்துக்கொண்டே, கடல் காற்று வாங்கிக்கொண்டு, நாலாவது கியரில் போவேன். வேலை இல்லாத நாளில் என் கணவரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு போவேன். அவர் நன்றாக ஓட்டுகிறாய் என்றும் சொன்னதில்லை, மோசம் என்றும் சொன்னதில்லை. ஒரு பெருமூச்சு மட்டும் விடுவார். அந்தப் பெருமூச்சுக்குப் பதிலாக நான் ரேடியோவைச் சத்தமாக வைப்பேன்.

வாரண்டி இன்னும் முடியாத காலத்திலேயே கோளாறு வந்தது. ஒருநாள் பாலத்தின் நடு மேட்டில் ஏறும்போது இஞ்சின் மட்டும் கத்துகிறது, கார் இழுக்கவில்லை. காலை அழுத்தினால் சத்தம்தான் கூடுகிறது. உள்ளே தீய்ந்த வாடை. ஓரப் பாதையில் மெதுவாக ஊர்ந்து எப்படியோ அக்கரை போய்ச் சேர்ந்தேன். மறுநாள் காரை வாங்கிய கம்பெனியின் சர்வீஸ் சென்டரில் கொண்டு போய் விட்டேன்.

கவுண்டரில் ஒரு மலாய்க்காரத் தம்பி இருந்தார். நல்ல மரியாதையான ஆள். கிளச் வழுக்குகிறது என்றேன். எத்தனை நாளாக, எந்த இடத்தில் என்றெல்லாம் கேட்டு எழுதிக்கொண்டார். பிறகு மலாயில் சாதாரணமாக, "கக்கா மாயின் கிளச் தக்?" என்று கேட்டார். அக்கா, நீங்கள் மாயின் கிளச் செய்வீர்களா என்று அர்த்தம்.

எனக்கு அப்படியே சோதனை மேடு கண்ணில் வந்து நின்றது. அந்த அதிகாரியின் முகமும் வந்தது. நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, "மெஸ்திலா!" என்றேன். ஆமாம், நிச்சயமாக! அதோடு விட்டேனா? ஆண்பிள்ளைகள் எல்லாம் உருண்டார்கள், நான் ஒருத்திதான் உருளவில்லை, எந்த மேடாக இருந்தாலும் எனக்கு மாயின் கிளச் தண்ணி பட்ட பாடு என்று மலாயில் எனக்குத் தெரிந்த அத்தனை வார்த்தையையும் போட்டுச் சொன்னேன். அவர் சிரித்துக்கொண்டே தலையாட்டினார், எழுதினார். நானும் சிரித்துக்கொண்டே வீட்டுக்குப் போனேன்.

டிரைவிங் ஸ்கூலில் ஒரு வித்தைக்குப் பேராக இருக்கிற அதே சொல், ஒர்க் ஷாப்பில் ஒரு கெட்ட பழக்கத்துக்குப் பேர். மேட்டில், ஜேமில், பிரேக் போடாமல் கிளச்சைப் பாதியில் பிடித்தே காரை நிறுத்தி வைக்கிறவர்களைத்தான் அங்கே மாயின் கிளச் ஆட்கள் என்பார்கள். பிளேட் தேய்ந்து தீய்ந்து போகும். இது எனக்கு அப்போது தெரியாது. சர்வீஸ் சென்டரிலிருந்து போன் வந்தபோதுதான் தெரிந்தது. கிளச் தேய்மானம் வாரண்டியில் வராது, அதிலும் தனக்கு அந்தப் பழக்கம் இருப்பதாக வாடிக்கையாளரே சொல்லியிருக்கிறார், ஆகவே முடியாது என்றார்கள். கியர் பாக்ஸைக் கழற்றிப் பார்க்கக்கூட இல்லை.

நான் போனை வைத்துவிட்டு நடந்ததைச் சொன்னேன். என் கணவர் சோபாவில் காலை நீட்டிக்கொண்டு கேட்டார். கேட்டு முடித்து, "ஆடத் தெரியாதவ கூடம் கோணல்னாளாம்" என்றார்.

"அப்ப அவங்க சொல்றதத்தான் நம்புறீங்களா?"

"கம்பெனிக்காரன் சும்மாவா சொல்வான்? புதுக் காடி அது. கிளச் இவ்ளோ சீக்கிரம் ரொசாக் ஆவுமா? காலு கனமா இருந்தா ஆவும்."

ரொசாக் என்றால் கெட்டுப்போவது. எனக்குக் கார் கெட்டுப்போனது பெரிதாகத் தெரியவில்லை. செலவு வந்தால் பார்த்துக்கொள்ளலாம், ஓவர்டைம் இருக்கிறது. ஆனால் அந்த மனுஷன் என் காலை நம்பவில்லையே என்பது நெஞ்சில் முள்ளாகக் குத்தியது. வாழ்நாள் முழுக்க ஓட்டியவர். அவர் வாயால் கனமான கால் என்று ஒரு பேர் வந்துவிட்டால் அது அழியாது. சாயங்காலமே தங்கைக்குப் போன் போட்டு, "இவ கிளச்ச தின்னுட்டா" என்று அவர் சொல்வதையும் கேட்டேன். அன்று நான் முடிவு செய்தேன். கம்பெனி வாரண்டி தந்தாலும் தராவிட்டாலும் சரி, என் கால்மேல் பழி மட்டும் நிற்கக் கூடாது.

அடுத்த நாள் லீவு போட்டுவிட்டு சர்வீஸ் சென்டருக்குப் போய் மேனேஜரைப் பார்க்க வேண்டும் என்றேன். மேனேஜர் நம்மாள்தான், தமிழர். என்னைவிட வயதில் சின்னவர். சட்டை மடிப்புக் கலையாமல் உட்கார்ந்திருந்தார். பேச்சும் அப்படியே மடிப்புக் கலையாமல்தான் இருந்தது.

"அக்கா, கிளச் வந்து தேய்மான ஐட்டம். டயர் மாதிரி. அதுக்கு வாரண்டி கெடையாது."

"தேய்ஞ்சிருந்தாத்தான தேய்மானம்? தொறந்து பாத்தீங்களா?"

"நீங்களே மாயின் கிளச் பண்ணுவேன்னு சொன்னீங்களே."

"தெரியும்னு சொன்னேன். பண்ணுவேன்னு சொல்லல."

அவர் கவுண்டர் தம்பியைக் கூப்பிட்டு மலாயில் கேட்டார். அந்தத் தம்பி பாவம், நேர்மையானவர். ஆமாம், அக்கா ரொம்பப் பெருமையாகச் சொன்னார்கள், இந்தப் பழக்கத்துக்கு யாரும் இப்படிப் பெருமைப்பட்டு நான் பார்த்ததில்லை, எனக்கே கொஞ்சம் விசித்திரமாக இருந்தது என்றார். மேனேஜர் என்னைப் பார்த்தார். எனக்குச் சிரிப்பும் வந்தது, எரிச்சலும் வந்தது.

"தம்பி, எனக்கு நீச்சல் தெரியும். அதுக்காக நாள் பூரா கடல்லயா கெடக்குறேன்? லைசன் சோதனையில மேட்டுல நிக்கணும்னாங்க, நின்னேன். அதத்தான் சொன்னேன். ரோட்டுல ஏன் நான் கிளச்ச புடிச்சிக்கிட்டு நிக்கணும்? ஹேண்ட் பிரேக் எதுக்கு இருக்கு, பை மாட்டவா?"

கவுண்டர் தம்பிக்குத் தமிழ் புரியாவிட்டாலும் ஹேண்ட் பிரேக் புரிந்தது. அவர் வாயைப் பொத்திக்கொண்டார். மேனேஜர் மட்டும் சிரிக்கவில்லை. விதி, தலைமை அலுவலகம், அனுமதி என்று இழுத்தார். நான் விடாக்கண்டன், அவர் கொடாக்கண்டன். கடைசியில் நான் சொன்னேன், "ரெண்டே ரெண்டு கேக்குறேன். ஒண்ணு, என் பக்கத்துல உக்காந்து நான் ஓட்டுறதப் பாருங்க. இன்னொண்ணு, என் கண்ணு முன்னாடி கியர் பாக்ஸத் தொறங்க. தப்பு என் காலுலன்னா கழட்டுன கூலிய நான் குடுக்குறேன், ஒரு வார்த்தை பேச மாட்டேன்."

நான் ஒரு வார்த்தை பேசாமல் இருப்பேன் என்பது அவரைக் கவர்ந்திருக்க வேண்டும். சரி என்றார்.

வீட்டில் போய்ச் சொன்னபோது என் கணவர், "நானும் வர்றேன்" என்றார். வேடிக்கை பார்க்கத்தான் வருகிறார் என்று தெரியும். வாங்க என்றேன். கம்பெனி மேனேஜர் பக்கத்தில், லாரி டிரைவர் பின்னால். இதற்கு அந்த லைசன்ஸ் சோதனையே தேவலை என்று தோன்றியது.

வேறொரு மானுவல் காரைக் கொடுத்தார்கள். மேனேஜர், பாயா தெருபோங் மேட்டுக்குப் போகலாம் என்றார். பினாங்கில் கார் வைத்திருக்கிறவர்களுக்கு அந்த மேட்டைப் பற்றிச் சொல்ல வேண்டியதில்லை. வளைந்து வளைந்து ஏறும், எப்போதும் ஜேம். அன்றைக்கு எங்களுக்கு முன்னால் மணல் ஏற்றிய ஒரு லாரி வேறு. அது நின்றால் நானும் நிற்க வேண்டும், அது நகர்ந்தால் நானும் நகர வேண்டும். பின்னால் ஒருவர் என் பம்பரை முகர்ந்து பார்ப்பது போல ஒட்டிக்கொண்டு வந்தார்.

லாரி நின்றது. நான் பிரேக்கை மிதித்து, கியரை நியூட்ரலில் போட்டு, ஹேண்ட் பிரேக்கை இழுத்தேன். இடது காலைக் கிளச்சிலிருந்து எடுத்துத் தரையில் வைத்தேன். நான் தினமும் செய்வதுதான். யாருக்காகவும் புதிதாகச் செய்யவில்லை. லாரி நகர்ந்ததும் கிளச், கியர், கொஞ்சம் ஆக்சிலரேட்டர், வண்டியின் மூக்கு லேசாகத் தூக்கும்போது ஹேண்ட் பிரேக்கை விட்டேன். ஓர் அங்குலம் பின்னால் போகவில்லை. மறுபடி லாரி நின்றது, மறுபடி அதே மாதிரி. நடுவில் ஒரு மோட்டார் சைக்கிள்காரர் குறுக்கே பாய்ந்தார். அவருக்கு நான் சொன்ன வாழ்த்தை இங்கே எழுத முடியாது. ஆனால் கார் குலுங்கவில்லை.

மேனேஜர் ரோட்டையே பார்க்கவில்லை. என் காலையே பார்த்துக்கொண்டு வந்தார். ஒரு பொம்பளையின் காலை இப்படியா பார்ப்பது என்று வேறு நாளாக இருந்தால் கேட்டிருப்பேன். உச்சிக்கு வந்ததும், "போதும்கா, திரும்பலாம்" என்றார். பின்னால் என் கணவர் பெருமூச்சுகூட விடவில்லை. கண்ணாடியில் பார்த்தேன். ஜன்னல் பக்கம் திரும்பி உட்கார்ந்திருந்தார்.

கியர் பாக்ஸைக் கழற்றிய அன்று நாங்கள் இருவரும் ஒர்க் ஷாப்பில் நின்றோம். மெக்கானிக் கிளச் பிளேட்டை வெளியே எடுத்து மேனேஜர் கையில் கொடுத்தார். அவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு வெளிச்சத்துக்குக் கொண்டுபோய்ப் பார்த்தார்.

"தேயவே இல்ல" என்றார். தனக்குத்தானே சொல்வது போலத்தான் சொன்னார். ஆனால் எனக்குக் கோயில் மணி மாதிரிக் கேட்டது.

பிளேட் தடிமன் குறையாமல் அப்படியே இருந்தது. ஆனால் முழுக்க எண்ணெயில் ஊறி இருந்தது. இஞ்சினுக்குப் பின்பக்கம் எண்ணெய் வெளியே வராமல் அடைத்து வைக்கிற ஒரு ரப்பர் சீல் சரியாக உட்காராமல், அங்கிருந்து எண்ணெய் கசிந்து கிளச்சுக்குள் இறங்கியிருக்கிறது. எண்ணெய் பட்ட பிளேட் எப்படிப் பிடிக்கும்? வழுக்கத்தானே செய்யும். பேக்டரியிலேயே வந்த குறை இது, சீல், கிளச் எல்லாமே வாரண்டியில் போட்டுத் தருகிறோம் என்றார் மேனேஜர். நான் விரலால் அந்தப் பிளேட்டைத் தொட்டுப் பார்த்தேன். விரல் கறுப்பானது. அழுகை வந்துவிட்டது. சந்தோஷத்தில்தான். ஒர்க் ஷாப்பில் அத்தனை ஆண்கள் நடுவே கறுப்பு விரலோடு நின்று அழுதேன். எனக்கு வெட்கமாக இல்லை.

என் கணவர் குனிந்து அந்தப் பிளேட்டைப் பார்த்தார். நெடுநேரம் பார்த்தார். பிறகு கைத்தடியை ஊன்றிக்கொண்டு வெளியே போய் நாற்காலியில் உட்கார்ந்தார்.

கார் தயாரானதும் எடுக்கப் போனோம். மேனேஜரே வெளியே வந்தார். கையில் சாவி. நான் முன்னால்தான் நிற்கிறேன். ஆனால் அவர் என்னைத் தாண்டி என் கணவரிடம் போனார். பழக்கம், வேறொன்றும் இல்லை. ஆண்பிள்ளை நிற்கும்போது சாவி அங்கேதான் போகும்.

"அண்ணே, சாரிண்ணே. எங்க பக்கம்தான் தப்பு. உங்க காடி இப்ப நல்லா இருக்கு" என்று சொல்லிச் சாவியை நீட்டினார்.

என் கணவர் கையை நீட்டவில்லை.

"எங்கிட்ட ஏன் சாரி சொல்றீங்க?" என்றார். "காடி ஓட்டுறது அவங்க. அவங்க ஓட்டுனதத்தான் நீங்க கொற சொன்னீங்க. அவங்ககிட்ட சொல்லுங்க. சாவியையும் அவங்ககிட்டயே குடுங்க."

மேனேஜர் திரும்பி என்னிடம் மன்னிப்புக் கேட்டார், சாவியைக் கொடுத்தார், இன்னும் ஏதோ சொன்னார். ஒன்றும் என் காதில் ஏறவில்லை. கல்யாணமான நாளிலிருந்து இந்த மனுஷன் பிறரிடம் என்னைப் பற்றிப் பேசும்போது நான் இவ, அவ, எங்க வீட்டுப் பொம்பளை. அதில் எனக்குக் குறையும் இருந்ததில்லை. எங்கள் பக்கத்தில் எல்லா வீட்டிலும் அப்படித்தான். 'அவங்க' என்று ஒரு நாளும் அவர் வாயில் நான் வந்ததில்லை.

காரில் ஏறி உட்கார்ந்தோம். பெல்ட் போட்டுக்கொண்டேன். சாவியைப் போட்டேன், ஆனால் திருகவில்லை. கேட்காமல் இருக்க என் வாய் விடுமா?

"என்னங்க, அந்தாளுகிட்ட என்னை எப்படிச் சொன்னீங்க?"

"எப்படிச் சொன்னேன்?"

"அவங்கன்னு சொன்னீங்க."

அவர் முன்கண்ணாடி வழியாக ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"டிரைவர வேற எப்படிச் சொல்றது?" என்றார்.